அண்ணி பெயரில் வண்டிக் கடன், ஆப் கடன். எதுவும் அவர் வாங்கியதில்லை. எங்கே ஆரம்பிப்பது?

கல்மண்டபத்தான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் அண்ணி பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தையல் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு நைட்டி தைக்கிறார். சொந்தமாக ஒரு பவர் மிஷின் வாங்கிப் போட்டால் எம்.சி. ரோடு கடைகளுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கலாம் என்று குழு லோனுக்கு எழுதிப் போட்டிருந்தார். குழுவில் எல்லாருக்கும் பணம் வந்தது, இவருக்கு மட்டும் இல்லை. வசூலுக்கு வரும் பையன், மற்ற பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "அக்கா, உங்க பேர்ல வண்டி லோன் டியூ கட்டாம நிக்குது, ரெண்டு ஆப் லோன் வேற. அதை முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அண்ணிக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. வைத்திருப்பது பட்டன் போன். கடன் சரித்திரம் காட்டும் சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். பெயர், பான், பிறந்த தேதி மூன்றும் சரி. போன் நம்பர் யாருடையதோ. முகவரி செங்குன்றம் பக்கம் ஏதோ ஒரு தெரு. ஸ்கூட்டர் கடனில் முதல் இரண்டு தவணை மட்டும் கட்டியிருக்கிறார்கள், அப்புறம் நின்றுவிட்டது.

பணமாகப் பார்த்தால் அண்ணி கையைவிட்டு ஒரு பைசா போகவில்லை. வீட்டில் நடப்பதுதான் தாங்க முடியவில்லை. அண்ணன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். ராத்திரி வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தியா?" எங்கள் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து நகை டப்பாவை எடுத்தார், எண்ணிப் பார்த்தார், மூடினார். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அதற்கப்புறம் குழுக் கூட்டத்துக்கும் போவதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை.

யாராவது இப்படி மாட்டி வெளியே வந்திருக்கிறீர்களா?

---

டோல்கேட் டீ

இதெல்லாம் இழுத்தால் இழுத்துக்கொண்டே போகும் பாஸ். நிற்கிற தொகையில் பாதிக்கு செட்டில்மென்ட் பேசிக் கட்டிவிட்டு இனி பாக்கி இல்லை என்று என்.ஓ.சி. வாங்குங்கள். ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலைந்தால் அதைவிட அதிகம் செலவாகும்.

---

கோர்ட் குமாஸ்தா

தலைவரே, டோல்கேட் சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய் கட்டினாலும், "கடன் என்னுடையதுதான், கட்ட முடியவில்லை" என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். அது நல்ல பெயர் கிடையாது. அடுத்து கடன் கொடுக்கப் போகிறவன் அதைப் பார்த்தே தள்ளிவிடுவான். பணமும் போகும், பெயரும் திரும்பாது.

நான் பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். இந்த மாதிரிக் கட்டுகள் இப்போது மேஜையில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. எங்கள் அனுபவத்தில் மூன்று கடிதமும் ஒரே வாரத்தில் போக வேண்டும். ஒன்று முடிந்தபிறகு அடுத்தது என்று காத்திருந்தால் ஒருவர் மேல் ஒருவர் சாக்குச் சொல்வார்கள்.

முதல் கடிதம் கடன் கொடுத்த கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. "இந்தக் கடன் நான் வாங்கியதில்லை" என்பதோடு நிறுத்தாமல், விண்ணப்பத்தின் நகல், அதில் ஒட்டிய போட்டோ, கொடுத்த கே.ஒய்.சி. (அடையாள) ஆவணங்கள், பணம் எந்தக் கணக்குக்கு அல்லது எந்த டீலருக்குப் போனது, எல்லாவற்றையும் கேளுங்கள். அண்ணியின் பெயரில்தானே கடன் என்கிறார்கள், அப்படியானால் அண்ணி தன் ஆவணங்களைக் கேட்பதை மறுக்க முடியாது.

இரண்டாவது சிபிலுக்கு. நம் நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கம்பெனிகள் கடன் சரித்திரம் வைத்திருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும் இலவசம். நான்கையும் எடுங்கள், நான்கிலும் தகராறு பதியுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து அமலில் உள்ளது.

மூன்றாவது போலீஸ். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்திலும் பதியுங்கள், ஸ்டேஷனிலும் எழுத்தில் கொடுங்கள். அடுத்தவரின் மின்னணுக் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆன்லைனில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. கடன் எடுத்த தேதி 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்றால் பழைய ஐ.பி.சி. 419, 420, அதற்குப் பின் என்றால் அதன் இடத்தில் வந்த புதிய சட்டம் பி.என்.எஸ். 318, 319. பிரிவு எண்ணெல்லாம் உங்கள் புகாரில் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் எழுதினால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

---

மூலக்கொத்தளம்

சைபர் மோசடி என்றால் 1930-க்கு போன் போடச் சொல்கிறார்களே, அது இதற்கு உதவாதா?

---

கோர்ட் குமாஸ்தா

1930 முக்கியமாக, பணம் இப்போதுதான் போனது என்கிற ஆட்களுக்கு. போன பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்படுவதற்குள் தடுத்து நிறுத்துவதுதான் அந்த நம்பரின் வேலை. அதனால் அதில் நிமிஷக் கணக்கு. இந்தக் கேஸில் பணம் எப்போதோ போய்விட்டது, அதுவும் கம்பெனியின் பணம். தளத்தில் பதிந்தால் போதும்.

---

கவுன்டருக்கு உள்ளே

பேங்கில் இருக்கிறேன், எந்த பேங்க் என்று கேட்காதீர்கள்.

வண்டிக் கடன் எப்படிப் போகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடன் கொடுக்கிறவர் உங்களைப் பார்ப்பதே இல்லை. ஷோரூமில் ஒரு ஏஜென்ட் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், ஒரு செல்ஃபி, போனுக்கு ஓ.டி.பி. ஸ்கோர் நன்றாக இருந்தால் டீ குடித்து முடிப்பதற்குள் ஓகே ஆகிவிடும். அவருக்கு மாதத்துக்கு இத்தனை பைல் என்று டார்கெட். செல்ஃபியில் இருக்கும் முகமும் கார்டில் இருக்கும் பத்து வருடப் பழைய முகமும் ஒன்றுதானா என்று அவர் உற்றுப் பார்க்கப் போவதில்லை. ஒழுங்காகக் குழுக் கடன் கட்டி நல்ல ஸ்கோர் வைத்திருக்கும் பெண்கள்தான் இந்தக் கும்பலுக்கு வேண்டியவர்கள். கடன் பாக்கி வைத்திருப்பவர் பெயரைத் திருடி என்ன செய்வது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், யாரும் இதைச் சொல்லவில்லை. பணம் ஷோரூமுக்குப் போயிருக்கும். அப்படியானால் ஒரு ஸ்கூட்டர் நிஜமாகவே உங்கள் அண்ணி பெயரில் ரிஜிஸ்டர் ஆகி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது! அதன் ஃபைன் எல்லாம் அவர் பெயரில் ஏறும். அதைவிட, அது யாரையாவது இடித்துவிட்டு, இன்சூரன்ஸும் இல்லாமல் இருந்தால், இழப்பீட்டு வழக்கில் நோட்டீஸ் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மோசடி என்று நீங்கள் வாதாடலாம், ஜெயிக்கலாம், ஆனால் அதற்கும் நீங்கள்தான் டிரிப்யூனலுக்கு நடக்க வேண்டும். கம்பெனியிடம் வண்டி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். ஆர்.டி.ஓ.வுக்கும் புகார் நகலோடு ஒரு கடிதம் போடுங்கள்.

அப்புறம் அந்த ஆப் கடன். 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடன் நேராகக் கடன் வாங்குபவரின் பேங்க் கணக்குக்குத்தான் போக வேண்டும். அண்ணியின் கணக்குக்கு வரவில்லை என்றால், அவர் பெயரில் இன்னொரு கணக்கு திறந்திருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும். சிபிலில் சேமிப்புக் கணக்கு தெரியாது. வருமான வரித் தளத்தில் அவர் பானில் நுழைந்து ஏ.ஐ.எஸ். அறிக்கையை (பானில் பதிவான வட்டி, வரவு எல்லாம் காட்டும் ஆண்டு விவரம்) பாருங்கள். சம்பந்தமே இல்லாத பேங்கிலிருந்து சேமிப்புக் கணக்கு வட்டி என்று பத்து ரூபாய் விழுந்திருந்தால்கூட அதுதான் நூல்முனை.

---

கல்மண்டபத்தான்

ஸ்கூட்டர் ஓடுகிறது என்கிற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி அண்ணே. ஏ.ஐ.எஸ். இன்று ராத்திரி பார்க்கிறேன்.

---

எங்க ஊரு எண்ணூரு

எல்லாத்துக்கும் காரணம் ஆதார். யாருக்கும் ஆதார் கொடுக்காதீர்கள், முடிந்தது கதை.

---

பழைய பாலம்

எண்ணூரு, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்? சிலிண்டருக்கு ஆதார், பள்ளிக்கூடத்துக்கு ஆதார், வாடகை வீட்டு அட்வான்ஸுக்கு ஆதார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு ரேஷன் கார்டு இல்லாதவர்கள் எல்லாம் ஃபாரம் எழுதினார்களே, இடுப்பளவு தண்ணீரில் வீட்டையே இழந்தவரிடம் போய் "நகல் கொடுக்காதே" என்று சொல்வீர்களா? கொடுக்காமல் இருப்பது வசதி உள்ளவர்கள் செய்யக்கூடிய வேலை.

---

மிண்ட் ஜெராக்ஸ்

கடை வைத்திருப்பவன் சொல்கிறேன். நகல் எங்கே கசிகிறது என்று தேடுகிறீர்கள். என் கடை போனைத் திறந்து காட்டினால் பயந்துவிடுவீர்கள்.

யாரும் இப்போது கார்டை எடுத்துக்கொண்டு வருவதில்லை. "அண்ணா நம்பர் சொல்லுங்க" என்று வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். ஆதார் முன்பக்கம் பின்பக்கம், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், சில பேர் அதோடு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும். ஒருவருடைய பெயரில் கணக்குத் திறக்கத் தேவையானது மொத்தமும் ஒரே சாட்டில் வரிசையாக இருக்கும். பிரிண்ட் எடுத்து ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். "டெலீட் பண்ணிட்டீங்களா" என்று கேட்டவர் இதுவரை எவரும் இல்லை. நான் கடை மூடும்போது அழித்துவிடுகிறேன். ஆனால் கேலரியில் தனியாக சேவ் ஆகிக் கிடப்பதை என் பையன் காட்டிய பிறகுதான் அந்த செட்டிங்கையே மாற்றினேன்.

இன்னொன்று, கோணலாக விழுந்த காப்பி. அதைக் கிழித்துப் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கட்டுக் கட்டாகப் பழைய பேப்பருக்குப் போகும். மின்ட் தெருவில் போண்டா மடித்துக் கொடுத்த பேப்பரில் யாரோ ஒரு அம்மாவின் பான் கார்டைப் பார்த்திருக்கிறேன்.

---

எங்க ஊரு எண்ணூரு

சரி, கொடுக்காமல் இருக்க முடியாது. ஆதாரை லாக் செய்யலாமே? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் செய்துவிட்டேன்.

---

கவுன்டருக்கு உள்ளே

லாக் நல்லதுதான், ஆனால் அது எதைப் பூட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பயோமெட்ரிக் லாக் செய்தால் உங்கள் கைரேகை, கருவிழியை வைத்து யாரும் சரிபார்க்க முடியாது. பத்திரப் பதிவு ஆவணத்தில் இருந்த ரேகையை எடுத்து, ரப்பர் அச்சு செய்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் மிஷினில் வைத்துக் கணக்கைத் துடைத்தார்களே, அந்த வகை நின்றுவிடும். வெறும் நகலையும் போட்டோவையும் வைத்து, யாரும் ஒழுங்காகச் சரிபார்க்காமல் கொடுக்கும் கடனை அந்த லாக் தடுக்காது. இவர் அண்ணிக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை.

நகல் கொடுக்கும்போது முதல் எட்டு எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று படத்தின் மேலேயே குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இது திருடனைத் தடுக்குமா என்றால் தடுக்காமலும் போகலாம். ஆனால் பின்னால் அந்த நகல் வேறு இடத்தில் தலை காட்டினால், எங்கிருந்து போனது என்று உடனே தெரியும்.

---

காசிமேடு வார்ப்பு

சிம் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது.

விசைப்படகில் போகிறவர். வலை இழுத்து இழுத்துக் கை ரேகை தேய்ந்து போயிருக்கும், ரேஷன் கடையிலேயே நாலு தடவை வைத்தால்தான் எடுக்கும். மார்க்கெட் பக்கம் குடை போட்டு சிம் விற்பவரிடம் போயிருக்கிறார். முதல் தடவை வைத்ததும், "ரேகை விழல தாத்தா, இன்னொரு வாட்டி வைங்க" என்றிருக்கிறான். இவரும் வைத்தார். இவருக்கு அது சந்தேகப்படும் விஷயமே இல்லை, எங்கே போனாலும் அதுதான் நடக்கிறது. முதல் ரேகையிலேயே ஒரு சிம் ஆன் ஆகிவிட்டது. இரண்டாவது ரேகைக்கு இன்னொரு சிம், அது அவன் பைக்குள் போய்விட்டது.

பல மாதம் கழித்து வெளி மாநிலப் போலீஸ் நோட்டீஸோடு வந்தது. அந்த நம்பரிலிருந்து யாரோ பார்ட் டைம் வேலை என்று சொல்லிப் பணம் பறித்திருக்கிறார்கள். பெரியப்பா அப்போது கடலில். தெருவே வேடிக்கை பார்த்தது. கரைக்கு வந்ததும் தகவல் போய்ச் சேர்ந்து, மனிதர் இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை, ஐஸ் பேக்டரி பக்கம் படுத்திருந்தார். ஒரு வழியாக வக்கீல் வைத்துப் பேசி, அந்தச் சமயத்தில் படகில் இருந்ததற்கான டோக்கன் எல்லாம் காட்டி ஓய்ந்தது. படகு ஓனர் மட்டும் இன்னமும் "கேஸ் ஏதோ இருந்துச்சே" என்று இழுப்பார்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டால் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று காட்டும். உங்களுடையது இல்லாததை அங்கேயே 'என் நம்பர் இல்லை' என்று குறித்துவிடலாம். அண்ணிக்கு உடனே பாருங்கள்.

---

ஸ்டான்லி நைட் டூட்டி

ஒரு வார்த்தை. இந்த மாதிரி மாட்டியவர்கள் தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு என்று கேஷுவாலிட்டிக்கு வருகிறார்கள். இ.சி.ஜி. நார்மலாக இருக்கும். பேச்சுக் கொடுத்தால்தான் கடன் விஷயம் வெளியே வரும். உங்கள் அண்ணி கோயிலுக்கும் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. 14416, அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம். அதைவிட முக்கியம், உங்கள் அண்ணனை உட்கார வைத்து அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் போன் நம்பரையும் முகவரியையும் காட்டுங்கள்.

---

மணலி மார்க்கெட்

எங்கள் அப்பாவுடையது ஜி.எஸ்.டி. கேஸ். லோடுமேன். அவர் பானில் யாரோ இரும்பு ஸ்கிராப் வியாபாரம் என்று ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்து, சரக்கே இல்லாமல் பில் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். நோட்டீஸில் இருந்த தொகையைப் படிக்க எங்களுக்கே சைபரை எண்ண வேண்டியிருந்தது.

எங்களுக்கு அதைவிட வலித்தது அம்மாவின் ஆயிரம் ரூபாய். மகளிர் உரிமைத் தொகை விதியில், ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. கட்டும் தொழில் நடத்துபவர் குடும்பத்துக்குக் கிடையாது. காகிதத்தில் எங்கள் அப்பா பெரிய முதலாளி! கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு போட்டோம். 30 நாளுக்குள் போட வேண்டும், இ-சேவை மையத்திலேயே போடலாம். அங்கே இருந்த மேடம் அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவரா ஸ்கிராப் கம்பெனி ஓனர்?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இருந்தது, ஆனால் அவருடைய கம்ப்யூட்டரில் அந்தப் பதிலைப் போட இடமில்லை.

ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் இல்லாமலே பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. அதில் ஏதாவது பதிவு காட்டினால் அங்கேயே பிடித்துவிடலாம். இங்கே படிக்கிற எல்லாரும் வீட்டுப் பெரியவர்கள் பானைப் போட்டுப் பாருங்கள்.

---

டோல்கேட் டீ

சரி, நான் சொன்ன யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் ஏரியாவில் ஒரு பையன் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் ஒருத்தனிடம் மாதம் மூவாயிரத்துக்கு வாடகைக்கு விட்டான். இப்போது கணக்கு முடங்கிவிட்டது, "என் அடையாளத்தைத் திருடிட்டாங்க" என்கிறான். இதுவும் அதே கணக்கா?

---

கோர்ட் குமாஸ்தா

இல்லை. சாவியைக் கொடுத்து வாடகையும் வாங்கியவன் திருட்டுப் போனது என்று சொல்ல முடியாது. அவனைக் குற்றவாளி வரிசையில்தான் சேர்ப்பார்கள். உடனே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள், போலீஸ் வருவதற்கு முன்னால்.

---

எர்ணாவூர் அக்கா

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் யாரோ கும்பல், ஏஜென்ட் என்று பேசுகிறீர்கள். என் பெயரில் கடன் வாங்கியது என் சொந்தச் சித்தி மகன். எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தவன். என் பான் கார்டு எந்த டிராயரில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், என் போனுக்கு ஓ.டி.பி. வந்தால் எடுத்துப் படித்துவிட்டு அழித்துவிடும் அளவுக்கு வீட்டில் உரிமை.

கம்பெனி கேட்டது ஒன்றுதான்: போலீஸ் புகார் நகல் இருக்கா? புகார் கொடுத்தால் அவன் பெயரை எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் கடன் என்னுடையது. சித்தி வந்து காலில் விழுந்தார். எங்கள் அம்மாவே, "பணம்தானே, கட்டிக்கலாம், பையன் வாழ்க்கை போயிடும்" என்றார். என் வாழ்க்கை என்று ஒன்று இருப்பதை அந்த அறையில் யாரும் நினைத்த மாதிரி தெரியவில்லை. கடைசியில் புகார் கொடுத்தேன். கடன் என் பெயரிலிருந்து நீங்கியது. சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை இல்லை. திருடியவன் பந்தலில் நின்று சந்தனம் கொடுத்தான் என்று கேள்வி.

உங்கள் அண்ணி விஷயத்திலும் தெரிந்தவர் யாராவது இருக்கக்கூடும். அதற்குத் தயாராக இருங்கள். ஆனால் அதைச் சொல்லி அவர் அம்மா வீட்டு ஆட்களைக் கிளறாதீர்கள். ஆவணம் வரட்டும்.

---

கோர்ட் குமாஸ்தா

அக்கா எழுதியதுதான் நிறைய கட்டுகளில் நாங்கள் பார்ப்பது. உறவுக்காரர் என்று சட்டத்தில் தள்ளுபடி எதுவும் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஐகோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதக்கூட ஆள் தருவார்கள். பணமில்லை என்று யாரும் செட்டில்மென்ட்டுக்குப் போக வேண்டாம்.

---

கல்மண்டபத்தான்

தகவல் சொல்ல வந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். கம்பெனிக்காரர் அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்றார். குமாஸ்தா அண்ணனிடம் தனியாகக் கேட்டு, மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பினோம். அதற்கப்புறம் கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஏ.ஐ.எஸ்.ஸில் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேங்க் இருந்தது. 'கவுன்டருக்கு உள்ளே' சொன்னபடியே. ஆப் கடன் அந்தக் கணக்குக்குத்தான் போயிருக்கிறது, அதை முடக்கியாயிற்று. சஞ்சார் சாத்தியில் அண்ணிக்குத் தெரியாத இரண்டு நம்பர்.

கம்பெனி வண்டிக் கடன் விண்ணப்பத்தை அனுப்பியது. மூன்று விஷயம் கண்ணில் பட்டது. போட்டோ வேறு ஒரு பெண். கையெழுத்து ஆங்கிலத்தில் சுழித்துப் போட்டிருக்கிறது. அண்ணி தமிழில்தான் போடுவார், அதுவும் எழுத்துக் கூட்டி. மூன்றாவது அந்த ஆதார் நகல். அதன் ஓரத்தில் அண்ணியின் கையெழுத்திலேயே ஒரு போன் நம்பர் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அது அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். அப்படியென்றால் நகலும் பல வருடப் பழசு. அந்தக் காலத்தில் எங்கெங்கே கொடுத்தார் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார்: பழைய குழு, ஒரு சீட்டு, பையனின் பள்ளிக்கூடம், ஒரு வாடகை வீடு. அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை.

அந்த பேப்பரை அண்ணன் கையில் கொடுத்தேன். கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இது நம்ம ஆளு கையெழுத்து இல்லியே" என்றார். அதுவரை அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது என்பது அண்ணிக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு ஸ்டேஷனுக்குப் போனார். அண்ணி இன்னும் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை, எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

ஒரு சந்தேகம். யாராவது நம் சிபில் ரிப்போர்ட்டைப் பார்த்தால் நமக்குத் தகவல் வரும் என்று எஸ்.எம்.எஸ். வசதி இருக்கிறதாமே, இத்தனை நாள் அண்ணிக்கு ஒன்றும் வரவில்லையே?

---

கவுன்டருக்கு உள்ளே

எந்த நம்பர் பதிவில் இருக்கிறதோ அதற்குத்தான் போகும். பதிவில் இருப்பது திருடன் நம்பர். எச்சரிக்கையெல்லாம் அவனுக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கும். நான்கு இடத்திலும் முதலில் போன் நம்பரையும் முகவரியையும் மாற்றச் சொல்லி எழுதுங்கள். வசூல் ஆட்கள் கூப்பிட்டால் எஃப்.ஐ.ஆர். நம்பரை மட்டும் சொல்லுங்கள். காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் ரெக்கார்ட் செய்யுங்கள்.

---

மூலக்கொத்தளம்

அந்த 100 ரூபாய் இழப்பீடு தானாக வந்துவிடுமா?

---

கோர்ட் குமாஸ்தா

புகாரில் பேங்க் கணக்கு விவரமோ யு.பி.ஐ.யோ கொடுத்திருக்க வேண்டும். தீர்த்துவைத்த ஐந்து வேலை நாளுக்குள் போட வேண்டும் என்பது விதி. போடவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. சிபில் மாதிரிக் கம்பெனிகளும் 2022-லிருந்து ஆம்புட்ஸ்மேன் வரம்புக்குள் வந்துவிட்டன.

---

கல்மண்டபத்தான்

விண்ணப்பத்தில் இருக்கும் அந்தப் பெண்ணின் போட்டோவை இங்கே போடட்டுமா? நம்ம ஏரியா ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், செங்குன்றம், மாதவரம் பக்கம் யாராவது அடையாளம் சொல்லிவிடுவீர்கள்.

---

எர்ணாவூர் அக்கா

வேண்டாம் தம்பி. அந்தப் பெண்ணும் யாரிடமோ லோனுக்கு என்று போட்டோ கொடுத்து ஏமாந்தவராக இருக்கலாம். அவருக்கும் ஒரு மாமியார் இருப்பார்.

---

நெறியாளர்

போட்டோ போட்டால் இழையைப் பூட்ட வேண்டி வரும். விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

---

கல்மண்டபத்தான்

சரி, போடவில்லை. எஸ்.ஐ.யிடம் நகல் கொடுத்திருக்கிறது. வண்டி நம்பர் கிடைத்துவிட்டது, ஃபைன் மூன்று ஏறியிருக்கிறது, ஒன்று மாதவரம் ரவுண்டானா கேமரா. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுகிற படம் அதில் வந்திருக்கும் என்கிறார் எஸ்.ஐ. வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அண்ணனும் அண்ணியும் போகிறார்கள். குழு லோனுக்கு, சிபில் சரியான பிறகு மறுபடி எழுதிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை யூனிட்டில்தான் தைக்கிறார்.